ஒன்றுக்கு முப்பத்தைந்து

யூனியன்வில்லில் நான் போய் வரும் வீடுகளில் சிலவற்றின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. புத்தகங்களோ நடராஜர் சிலையோ இருக்கும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் சிறிய இராணுவ வாகனங்களும் விரல் உயரச் சிப்பாய்களும் அணிவகுத்து நிற்பார்கள். பெட்டிகளையும் வீசாமல் வைத்திருப்பார்கள். பெட்டியின் மேல் 'சேவையாற்றியவர்களின் நினைவாக', 'வீரர்களுக்குக் காணிக்கை' என்ற பொருளில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். முன்பு வெள்ளைக்கார முதியவர்களின் பொழுதுபோக்காக இருந்தது இது. இப்போது எங்கள் பிள்ளைகளின் அறைகளுக்குள்ளும் வந்துவிட்டது.

இவற்றை விளையாட்டுப் பொருள் என்று யாரும் விமர்சிப்பதில்லை. கலைப்பொருள் என்றும் விமர்சிப்பதில்லை. ஆனால் 'காணிக்கை' என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் எந்தப் பொருளும் ஒரு பிரதிதான். இரங்கற்பா, நினைவு மலர், சிலை எல்லாவற்றிடமும் நாம் கேட்கும் கேள்வியை இதனிடமும் கேட்கலாம்: யாரை நினைக்கச் சொல்கிறாய், எதை மறக்கச் சொல்கிறாய்?

முதலில் கணக்கு. நான் கணினித் துறையில் வேலை செய்பவன். எங்கள் தொழிலில் 'மொடல்' என்றால் உண்மையிலிருந்து எதையாவது கழித்துவிட்டு எஞ்சுவது. எதைக் கழித்தோம் என்று எழுதி வைக்காத மொடலை யாரும் நம்பமாட்டார்கள். இராணுவ மொடல்களில் இன்று மிகப் பரவலான அளவு 1:35. இந்த எண் வரலாற்றிலிருந்தோ அழகியலிலிருந்தோ வந்ததல்ல. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியைப் பிளாஸ்டிக்கில் செய்தபோது, உள்ளே ஒரு சிறு மோட்டாரும் பற்றரிகளும் அடங்கவேண்டியிருந்தது. பற்றரி அடங்கும் அளவுக்கு டாங்கியைச் செய்துவிட்டுப் பின்னர் அளந்து பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்று வந்தது. உலகம் முழுவதும் அதுவே நிலைத்துவிட்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைக் காலால் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்த எனக்கு இந்தத் தகவலைப் படித்தபோது சிரிப்பு வந்தது. போரை அளக்கும் அளவுகோல் ஒரு பற்றரியின் நீளம்.

நீளத்தை முப்பத்தைந்தால் வகுத்தால் எடை முப்பத்தைந்தால் மட்டும் குறையாது. முப்பத்தைந்தின் மும்மடிப் பெருக்கம், அதாவது 42,875 மடங்கு குறையும். இரண்டாம் உலகப் போரின் ஷெர்மன் டாங்கி சுமார் 30 தொன். அதை அதே உருக்கில், அதே உள்ளுறுப்புகளோடு 1:35 அளவில் செய்தாலும் 700 கிராம்தான் வரும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் டாங்கி அதிலும் குறைவு. 70 கிலோ எடையுள்ள மனிதன் அதே கணக்கில் 1.6 கிராம். ஒரு சிட்டிகை உப்பு. இந்தக் கலைவடிவத்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். வடிவம் பிசகாமல் வந்துவிடுகிறது, எடை வருவதில்லை. போரை அனுபவித்தவர்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது எடையைத்தான். காயப்பட்டவரைத் தூக்கிய எடை, வீட்டுச் சாமானை மூட்டையாகக் கட்டி நடந்த எடை.

*

இந்த வகைப் பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நாங்களும் இருக்கிறோம். லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் சந்தையை ஆண்ட ஜெர்மன் பொம்மைச் சிப்பாய்கள் முழு ஈயம், விலை கூடியவை. பிரிட்டன்ஸின் உள்வெறுமைச் சிப்பாய்கள் மலிவானவை, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைத்தன. பேரரசின் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. அவற்றில் மெட்ராஸ் காலாட்படையும் மெட்ராஸ் லான்சர்ஸ் குதிரைப்படையும் உண்டு. உடல் வார்ப்பைப் பல பெட்டிகளுக்குப் பொதுவாக வைத்து, தலையையும் சாயத்தையும் மாற்றி வேறு படைப்பிரிவாக்குவது அந்த நிறுவனத்தின் வழக்கம். மண்ணிறச் சாயம் பூசிய முகம், தலைப்பாகை, அதற்குரிய நிறக் கால்சட்டை. அவ்வளவில் ஒரு தமிழனோ தெலுங்கனோ தயார்.

தலைப்பாகையில் கொஞ்சம் நிற்போம். சேகரிப்பாளர்கள் ஒரு சிற்றுருவின் தரத்தை அளப்பது சீருடைத் துல்லியத்தால்: பொத்தான்களின் எண்ணிக்கை, பட்டியின் நிறம், தலைப்பாகை கட்டின் சாய்வு. அந்த மெட்ராஸ் சிப்பாயின் தலைப்பாகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? 1805 நவம்பரில் மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி ஜோன் கிரடொக் புதிய தலைப்பாகையைக் கட்டாயமாக்கினார். அதில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. நெற்றிக் குறிகள் கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் சேர்ந்தன. தோல் குஞ்சம் இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் அவமானமாகப் பட்டது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10ஆம் திகதி அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டபின் சில நூறு சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்கள். தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிரடொக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

1890களில் லண்டன் பட்டறை மெட்ராஸ் சிப்பாய்க்குத் தலைப்பாகை வார்த்தபோது இதெல்லாம் பழங்கதை, தலைப்பாகையும் வேறு மாதிரி. ஆனாலும் சீருடையில் துல்லியம் என்பது வரலாற்றில் துல்லியம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எந்தத் துணிக்காக ஆட்கள் செத்தார்களோ, அந்தத் துணியின் பரம்பரை ஒரு தூரிகைத் தீற்றலாக ஈயத்தின் மேல் காய்ந்து கிடக்கிறது.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் இதே பிரிட்டன்ஸ் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் விளையாடுவதற்கான விதிகளை ஒரு நூலாக எழுதினார். 'லிட்டில் வார்ஸ்' என்று பெயர். இந்தச் சின்னப் போரை விளையாடிப் பார்ப்பவருக்குப் பெரிய போர் எவ்வளவு மடத்தனமானது என்று விளங்கும் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் மறு வருடமே பெரிய போர் வந்தது. வெல்ஸும் அதைப் போர்களையெல்லாம் முடித்துவைக்கும் போர் என்று ஆதரித்து எழுதினார். பொம்மை யாரையும் போருக்கு அனுப்புவதில்லை, தடுப்பதும் இல்லை. அதனிடம் அவ்வளவு சக்தி இருப்பதாக இரு பக்கத்தாரும் நினைப்பது மிகை.

*

அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் ஜி.ஐ. ஜோவை வெளியிட்டபோது புதிய சிக்கல் ஒன்று வந்தது. பையன்கள் 'பொம்மை' வாங்கமாட்டார்கள். ஆகவே அதை 'அக்ஷன் ஃபிகர்' என்றார்கள். அடுத்தது முகம். அமெரிக்காவின் அதியுயர் வீர விருது பெற்ற 20 பேரின் முகங்களைச் சேர்த்துச் செய்த முகம் என்று சொல்லப்பட்டது. அதாவது யாருடைய முகமும் அல்ல. கடைசியில் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். மனித உடலின் வடிவத்துக்குக் காப்புரிமை கோர முடியாது, தழும்புக்குக் கோரலாம். வேறு யாரும் நகலெடுத்தால் அந்தத் தழும்பு காட்டிக்கொடுக்கும்.

தமிழில் விழுப்புண் என்றொரு சொல் இருக்கிறது. முகத்திலும் மார்பிலும் பட்ட புண். ஒருவன் எங்கே நின்றான், எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்பதற்கு உடலில் எழுதப்பட்ட சாட்சி. புறப்பாடல்களில் முதுகில் புண்பட்ட அரசன் வடக்கிருந்து உயிர் விடுகிறான். தழும்பு அங்கே ஒரு வாழ்க்கையின் சுருக்கம். ஜி.ஐ. ஜோவின் தழும்பு ஒரு நிறுவனத்தின் கையெழுத்து. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், 'காணிக்கை' என்ற சொல் எங்கே தேய்ந்துபோனது என்று தெரிந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், அதே ஹஸ்ப்ரோ 1982இல் ஒரு நல்ல காரியமும் செய்தது. பொம்மையைச் சிறிதாக்கி மறுபடி வெளியிட்டபோது, ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் வெட்டி எடுக்கக்கூடிய ஓர் அட்டை இருந்தது. பாத்திரத்தின் பெயர், பிறந்த ஊர், படையில் அவரது வேலை, குணம் பற்றிச் சில வரிகள். பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா, தானே அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய ஜப்பானிய அமெரிக்கர். கற்பனை ஆட்கள்தான். ஆனாலும் துப்பாக்கியைவிட ஆள் முக்கியம் என்று அந்த அட்டை சொன்னது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் பின்னர் இந்தப் பொம்மைகளை இந்தியாவில் தயாரித்தது. மூலத்தில் இல்லாத வினோத நிறங்களில் வந்த அந்த இந்தியப் பொம்மைகளை இன்று உலகெங்கும் சேகரிக்கிறார்கள். அமெரிக்க வீரனின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்து வளர்ந்த சென்னைப் பிள்ளைகள் ஒரு தலைமுறை இருக்கிறார்கள். அதே ஆண்டுகளில் இலங்கையில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு யாரும் அட்டை எழுதவில்லை.

*

என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. போன வருடம் ஒரு ஷெர்மன் டாங்கி கிட்டை ஒட்டி முடித்தான். மூன்று வாரம் எடுத்தது. சங்கிலிப் பற்களை ஒவ்வொன்றாகக் கோர்த்து, சேற்று நிறம் பூசி, என் அம்மாவிடம் காட்டினான். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதுக்குள்ள எத்தினை பேர் இருப்பினம்?"

"அஞ்சு பேர், அப்பம்மா."

"அவையைக் காணேல்லையே?"

"மேல் கதவு பூட்டிக் கிடக்கு. அதால தெரியாது."

அம்மா தலையாட்டினார். "ஓம். எங்களுக்கும் தெரியேல்லைத்தான். சத்தம் மட்டும்தான் கேட்டது." 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் டாங்கிகள் யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது நாங்கள் ஒரு கோவிலில் இருந்தோம். சங்கிலி தார் வீதியை அரைக்கும் அந்தச் சத்தம் இருட்டில் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். டாங்கியைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, "வடிவாச் செய்திருக்கிறாய் ராசா" என்றார். அது உண்மையான பாராட்டு. அவர் இடக்காகப் பேசுகிறவர் அல்ல.

அம்மாவின் கேள்வியைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் இந்த வகைப் பொருட்கள் பற்றி எங்கும் படித்ததில்லை. ஷெர்மன் கிட்டில் ஆணி ஒவ்வொன்றும் இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவரும் இல்லை. சில கிட்களில் தளபதியின் அரை உருவம் மேல் கதவில் நிற்கும். முகம் எல்லாப் பெட்டியிலும் ஒன்று.

*

இதற்கு மாற்று உண்டா? எங்களிடம் மிகப் பழைய ஒன்று உண்டு. நடுகல். தொல்காப்பியம் புறத்திணையியலில் கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து அதை நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளாக அதன் முறையைச் சொல்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு கிடைத்த நடுகற்கள் இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள வீரக்கற்களில் மிகத் தொன்மையானவை. அவற்றில் ஒன்றில் உருவமே இல்லை. ஊர்ப் பெயர், மாடு கவர்ந்த பூசல், இறந்தவனின் பெயர், இது அவனுடைய கல் என்ற செய்தி. அவ்வளவுதான்.

உருவம் பொறித்த பிற்காலக் கற்களிலும் இதே ஒழுங்கு தொடர்கிறது. செங்கம் பகுதியில், எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் காலத்து நடுகல் ஒன்று. வில்லோடு நிற்கும் வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் காலடியில் ஒரு நாய். எஜமான் விழுந்தபின் அந்த நாய் கள்வரைக் கடித்து நின்றது என்றும் அதன் பெயர் கோவிவன் என்றும் கல்வெட்டு சொல்கிறது. சுமார் 1,400 வருடத்துக்கு முந்திய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. கனடாவில் அலமாரியில் நிற்கும் டாங்கிக்குள் இருந்த ஐந்து பேரின் பெயர் தெரியவில்லை.

நடுகல்லும் ஒரு சிற்றுருதான். ஆளைவிடச் சிறியது. அதிலும் ஆயுதம் உண்டு, அந்தக் காலத்து 'உபகரணம்'. ஆனால் அதில் சுருக்கப்பட்டது உருவம், சுருக்கப்படாதது செய்தி. மினியேச்சரில் நேர் எதிர். இன்னொரு வேறுபாடும் உண்டு. நடுகல்லை வாங்க முடியாது, இரண்டாவது பிரதி கிடையாது. எந்த ஊர் இழந்ததோ அந்த ஊரின் எல்லையில் அது நிற்கும்.

நடுகல்லை நான் புனிதப்படுத்தவில்லை. மாடு பிடிக்கப் போய்ச் செத்தவனுக்கும் கல், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல். மாட்டுக்காரன் மறுபக்கத்தில் எத்தனை பேரைக் கொன்றான் என்று கல் சொல்வதில்லை. அந்தக் குறை நம்மிடம் அன்றே இருந்தது.

பொருளே இல்லாமல் போரைச் சுருக்கி வைத்த இன்னோர் உதாரணமும் தமிழில் இருக்கிறது. 1914 செப்டெம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தின் மேல் சுமார் 130 குண்டுகள் வீசி எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஏழு வாரத்தில், நவம்பர் 9ஆம் திகதி, கொக்கோஸ் தீவருகே அதன் கதை முடிந்தது. ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் அதை 1:350 அளவில் கிட்டாக விற்றிருக்கிறது. மூன்று புகைபோக்கிகள், ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். அழகான கிட். ஆனால் அதைவிடச் சிறிய எம்டன் ஒன்றைத் தமிழர்கள் நூறு வருடத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். "அவன் பெரிய எம்டன்" என்றால் யாருக்கும் பிடிகொடுக்காத, எங்கிருந்து வருவான் என்று தெரியாத ஆள். கப்பலின் தோற்றம் எல்லாம் கழிந்து, ஒரு நகரம் இரவோடிரவாகப் பயந்த பயமும் அந்தப் பயத்தில் கலந்த வியப்பும் மட்டும் நான்கெழுத்தில் எஞ்சியது. 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த ஒரு படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற விதிக்காக 'எம் மகன்' ஆனது. எம்டன் தமிழ் இல்லை என்று அரசு நினைத்தது. சனங்கள் அப்படி நினைக்கவில்லை.

*

சிறிதாக்காமல், உண்மையான உபகரணத்தையே நினைவுச் சின்னமாக வைத்தால் இந்தக் குறை தீருமா? ஒன்ராரியோவின் லண்டன் நகரில் விக்டோரியா பூங்காவில் 'ஹோலி ரோலர்' என்ற ஷெர்மன் நிற்கிறது. 1944 ஜூன் 6 நோர்மண்டியில் கரையிறங்கி ஐரோப்பியப் போர் முடியும்வரை ஓடிய கனேடிய டாங்கிகள் இரண்டுதான் எஞ்சின. மற்றது கியூபெக்கின் ஷெர்புரூக்கில் உள்ள 'பொம்ப்'. 2021, 2022இல் ஹோலி ரோலரைப் பிரித்துத் துருவெடுத்துப் புதுப்பித்தார்கள். போற்றத்தக்க உழைப்பு. ஆனால் யோசித்தால், பெயரோடு நினைக்கப்படுவது தப்பிவந்த டாங்கி. எரிந்துபோன டாங்கிகளுக்கும் உள்ளே இருந்தவர்கள் செல்லப் பெயர் வைத்திருப்பார்கள்.

ஆனையிறவில் வீதியோரம் இன்னொன்று நிற்கிறது. 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் இரும்புத் தகடு போர்த்திக் கவச வாகனமாக்கிய புல்டோசர். அதில் ஏறிக் கைக்குண்டு வீசி அதை நிறுத்தி உயிர்விட்ட கோப்ரல் காமினி குலரத்னவுக்கு இலங்கையின் அதியுயர் வீர விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அவருடைய நினைவிடமாக அந்த புல்டோசர் பேணப்படுகிறது. தெற்கிலிருந்து பேருந்துகளில் வருபவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு பெயர் இருக்கிறது, அது நியாயம். அந்த இரும்புக்குள் இருந்தவர்களின் பெயர் அங்கே இல்லை. ஏ9 வீதியில் போகும் தமிழர்களுக்கு அது பக்கத்து ஊர்ப் பையன்கள் செய்த வாகனம். ஒரே இரும்பு இரண்டு சனங்களுக்கு இரண்டு விதமாக மௌனம் காக்கிறது. ஆக, குறை அளவில் இல்லை. முழு அளவிலும் மேல் கதவு பூட்டித்தான் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தையும் இதே தராசில் வைக்கவேண்டும். கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் இடித்தது. சமாதான காலத்தில் மீளக் கட்டியதைப் போருக்குப் பிறகு மறுபடி இடித்து, அந்த நிலத்தில் முகாம் அமைத்தது. கல்லே இல்லாதவர்கள் ஆனதால்தான் நவம்பர் 27ஆம் திகதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் மண்டபங்களுக்குள் கல்லறை மாதிரிகளை அடுக்கிவைத்து விளக்கேற்றுகிறோம். அதுவும் மினியேச்சர்தான், ஒரு மயானத்தின் மினியேச்சர். டாங்கி கிட்டில் இல்லாத பெயர் அங்கே இருக்கிறது, படம் இருக்கிறது, அழுகிற தாய் இருக்கிறார். அந்த விதத்தில் அது நடுகல்லின் நேர் வாரிசு. ஆனால் விரும்பிப் போன பிள்ளையின் பெயரும், கடைசி மாதங்களில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையின் பெயரும் அங்கே ஒரே எழுத்தில், ஒரே அடைமொழியோடு வருகின்றன. தாய்மாருக்கு வேறுபாடு தெரியும். மண்டபம் அதைக் கேட்பதில்லை. சீருடை எல்லா உடலையும் ஒன்றாக்கிவிடும் என்பது பிரிட்டன்ஸ் பட்டறைக்கு மட்டும் தெரிந்த வித்தை அல்ல.

*

யூனியன்வில் மெயின் வீதியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வார்லி கலைக்கூடம் இருக்கிறது. 1997இல் திறக்கப்பட்டது. ஃபிரெடெரிக் வார்லி ஏழு ஓவியர் குழுவில் ஒருவர். தன் கடைசிப் பத்தாண்டை இந்த ஊரில் கழித்து 1969இல் இறந்தவர். ஐஸ்கிரீம் வாங்க வரும் எங்கள் சனத்தில் பலருக்கு அவர் நிலக்காட்சியும் பெண்முகமும் வரைந்தவர் என்றுதான் தெரியும். ஆனால் 1918இல் அவர் கனடாவின் அதிகாரபூர்வப் போர் ஓவியராகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அனுப்பியது, கனேடியப் படையின் சாதனைகளைப் பதிவுசெய்ய பீவர்புரூக் பிரபு உருவாக்கிய நிதியம். காணிக்கை செய்யத்தான் அனுப்பினார்கள்.

அவர் கொண்டுவந்த ஓவியங்களில் ஒன்று இப்போது ஒட்டாவாவில் கனேடியப் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலம். சேறு. ஒரு வண்டி நிறைய உடல்கள், குவியலாக. புதைகுழி வெட்டுபவர்கள், பின்னால் சிலுவைகள். எந்தப் படைப்பிரிவு என்று தெரியாது. பொத்தான் தெரியாது. சேகரிப்பாளர் ஒருவர் அந்த வண்டியை வைத்து கிட் செய்யப் போனால் போதிய விவரம் கிடைக்காது. தலைப்பு இரண்டே சொல், ஒரு கேள்விக்குறி: 'எதற்காக?'

இதிலும் பெயர் இல்லையே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் பெயர் தெரியாமல் போனது இங்கே ஓவியத்தின் வசதிக்காக அல்ல, அதுவே ஓவியத்தின் முறைப்பாடு. எடை இருக்கிறது. அந்த வண்டியை இழுக்கவேண்டிய ஒருவரின் தோளில் அது எப்படி இருக்கும் என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது. காணிக்கை செலுத்த அனுப்பப்பட்ட ஒருவர் கேள்வியோடு திரும்பி வந்தார். அந்தக் கேள்வியை அரசு அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்கும் நாடு இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனையிறவில் அப்படி ஒரு கேள்விக்குறிக்கு இன்னும் இடமில்லை. எங்கள் மண்டபங்களிலும் இல்லை.

அப்படியானால் அலமாரியைக் காலிசெய்யச் சொல்கிறேனா? இல்லை. மூன்று வாரம் ஒரு பிள்ளை சங்கிலிப் பல் கோர்க்கும்போது அவனிடம் உண்டாகும் கவனம் வீணல்ல. தந்தை ஓட்டிய வாகனத்தைத் தேடித் தேடி அதே இலக்கத்தோடு செய்து வைக்கும் முதியவர்களை நான் இங்கே சந்தித்திருக்கிறேன். அவர்கள் அந்த வாகனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் தந்தையைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே மேல் கதவு திறந்துவிடுகிறது. அந்தப் பேச்சு இல்லாத இடத்தில்தான் சிற்றுரு வெறும் அலங்காரம் ஆகிறது. பேச்சைப் பெட்டிக்குள் போட்டு விற்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. அது வீட்டில்தான் நடக்கவேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நவம்பரில் இரண்டு பூக்கள். 11ஆம் திகதிக்குப் பாடசாலையில் பொப்பி, 27ஆம் திகதிக்கு மண்டபத்தில் கார்த்திகைப் பூ. இரண்டையும் சட்டையில் குத்திவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்கிறோம். அந்த ஒரு நிமிடம் முடிந்தபிறகாவது அவர்கள் பேசவேண்டும்: உள்ளே யார் இருந்தார்கள், எதிரே யார் இருந்தார்கள், யாருக்கு விருப்பம் இருந்தது, யாருக்கு இல்லை. அதற்கு நாங்கள் பதில் சொல்லவேண்டும், தெரிந்தவரை. என் மகன் அடுத்ததாக ஒரு கிட் கேட்டிருக்கிறான். வாங்கிக் கொடுப்பேன். இந்த முறை ஐந்து பேரையும் அவனே செய்யப்போகிறானாம். மேல் கதவைத் திறந்து வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதி, பின்னால் ஒட்டப்போகிறானாம். பெயர்களை எங்கே தேடுவது என்று அப்பம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.